விடுமுறையில் கலோரி செயலி: மதுரை, பழனி, கொடைக்கானல் வழியில் எது கைகொடுக்கும், எது காலை வாரும்

நான்கைந்து நாள் சுற்றுலாவில் சாப்பிடும் ஒவ்வொன்றையும் கலோரி செயலியில் ஏற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. அதற்காகச் செயலியையே மூட்டைகட்டி வைக்கவும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய வாரமும் திரும்பி வந்த வாரமும்தான் அது உண்மையில் உழைக்கும் காலம். நடுவே உள்ள நாட்களில் எண்ணெய், இனிப்புப் பானம், வழியில் கொறிப்பது ஆகிய மூன்றை மட்டும் கண்ணில் வைத்திருந்தால் போதும். மைஃபிட்னஸ்பால், ஹெல்திஃபைமி, குரோனோமீட்டர் ஆகிய மூன்று செயலிகளையும், மதுரையில் தொடங்கிப் பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறும் வழக்கமான பாதையின் சாப்பாட்டோடு பொருத்திப் பார்ப்போம்.

மூன்று செயலிகள், மூன்று குணம்

மைஃபிட்னஸ்பால் 2005-ல் அமெரிக்காவில் தொடங்கியது. உணவுப் பட்டியல் மிகப் பெரியது. அதன் பலமும் தொல்லையும் அதுதான். பட்டியலில் பெரும்பகுதி பயனர்களே ஏற்றியது. ‘பரோட்டா’ என்று தேடினால் ஒரே பெயரில் பல பதிவுகள் வரும். சில உறைய வைத்த பாக்கெட் பரோட்டாவுக்கு உரியவை, சில வடநாட்டு ஆலு பராத்தாவுக்கு உரியவை, சிலவற்றில் எடையே இருக்காது. சரியானதைப் பொறுக்க ஒரு எளிய சோதனை உண்டு: பதிவில் காட்டும் புரதத்தையும் மாவுச்சத்தையும் தலா 4-ஆலும் கொழுப்பை 9-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் எண் அங்கே போட்டிருக்கும் கலோரிக்கு அருகில் வர வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தப் பதிவைத் தொடாதீர்கள். பாக்கெட் உணவின் பார்கோடை ஸ்கேன் செய்யும் வசதி 2022 அக்டோபரிலிருந்து கட்டணச் சந்தாவுக்குள் போய்விட்டது. அதற்காகச் சந்தா கட்டத் தேவையில்லை, பாக்கெட்டின் பின்புறத்தில் அதே எண்கள்தான் அச்சிட்டிருக்கும்.

ஹெல்திஃபைமி பெங்களூரில் 2012-ல் பிறந்தது. இட்லி, உப்புமா, சாம்பார் போன்றவை எண்ணிக்கையிலும் கிண்ண அளவிலும் நேரடியாகக் கிடைக்கும் என்பதால், தமிழ்நாட்டுக்குள் பயணம் என்றால் மூன்றில் இதுதான் வேகமானது. தட்டைப் படமெடுத்தால் உணவை அடையாளம் காணும் வசதியும் உண்டு. அதன் கதையைக் கீழே பார்க்கலாம். கட்டணத் திட்டங்களுக்கான அறிவிப்புகளை ஊருக்குக் கிளம்புமுன் அணைத்துவிடுங்கள்.

குரோனோமீட்டர் கனடாக்காரர்களுடையது. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல் போன்ற ஆய்வகத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அரிசி, முட்டை, நெய், வாழைப்பழம் என்று தனித்தனிப் பொருளாகப் போட்டால் எண்கள் நம்பகமாக இருக்கும். ஓட்டல் பலகாரத்தின் பெயரைப் போட்டால் தடுமாறும். பொறுமை உள்ளவர்கள் அதில் சொந்தக் குறிப்புகளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பயணத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. சேர்ப்பதானால் வீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

எந்தச் செயலியானாலும் அடிப்படையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலில் 528 உணவுகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாம் சமைக்காத பொருட்கள். அந்த அரிசியையும் உளுந்தையும் மதுரைக் கடைக்காரர் என்ன செய்தார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அந்த இடைவெளியைச் செயலி ஊகத்தால்தான் நிரப்புகிறது. (அந்தப் பட்டியலை நேரடியாகப் பார்ப்பவர்கள் கவனிக்க: ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். 4.18-ஆல் வகுத்தால் கிலோகலோரி, செயலிகள் ‘கலோரி’ என்று சொல்வது இதைத்தான்.)

கல்லில் நடப்பது செயலிக்குத் தெரியாது

ஒரு பரோட்டாவை எடுத்துக்கொள்வோம். அறுபது கிராம் மாவு உருண்டையில் மைதா சுமார் 38 கிராம். மைதா 100 கிராமுக்கு 350 கலோரி என்பதால் மாவின் கணக்கு 135-க்குள் அடங்கிவிடும். மீதி எல்லாம் எண்ணெய். உருண்டையை எண்ணெயில் ஊறப் போடும்போது ஒரு முறை, வீசி மடிக்கும்போது ஒரு முறை, கல்லில் போட்டுச் சுற்றி ஊற்றும்போது ஒரு முறை என்று மூன்று இடத்தில் எண்ணெய் சேருகிறது. ஒரு பரோட்டாவில் பத்திலிருந்து பதினைந்து கிராம் தங்கினால் 90 முதல் 135 கலோரி கூடுகிறது. ஆக ஒரே பரோட்டா 225-ஆகவும் இருக்கலாம், 270-ஆகவும் இருக்கலாம். எண்ணெயில் பொரித்தெடுக்கும் விருதுநகர் பாணி என்றால் இன்னும் மேலே போகும். செயலியில் 180 என்று பார்த்துவிட்டு மூன்று பரோட்டாவுக்கு 540 என்று போட்டவர் குறைந்தது 135 கலோரியை விட்டுவிட்டார். சால்னாவின் மேல் மிதக்கும் எண்ணெயை இதில் சேர்க்கவே இல்லை.

மதுரையின் கறி தோசை இன்னும் நல்ல உதாரணம். கல்லில் ஊத்தப்பக் கனத்துக்கு மாவை ஊற்றுவார்கள். அதன்மேல் ஒரு முட்டை, அதற்கும் மேல் கொத்துக்கறி மசாலா. பிறகு திருப்பிப் போட்டு அழுத்தி, ஓரமெல்லாம் எண்ணெய் விடுவார்கள். மாவு 120 கிராம் என்றால் சுமார் 170 கலோரி, முட்டை 70, எண்பது கிராம் கறி மசாலா 150 வரை, கல்லில் விட்டதில் தோசை உறிஞ்சும் எண்ணெய் இருபது கிராம் என்றால் 180. மொத்தம் 570. செயலியில் ‘மட்டன் தோசை’ என்ற பெயரில் கிடைப்பதை எடுத்துக்கொண்டால், மாவும் கறியும் கிட்டத்தட்ட சரியாக இருந்தாலும் இந்த 180-தான் காணாமல் போகும். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு தேக்கரண்டிக்கு 40. நல்லெண்ணெயா கடலெண்ணெயா தேங்காயெண்ணெயா என்பதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இதனால்தான் படமெடுத்து எண்ணும் வசதியைப் பயணத்தில் நம்ப முடியாது. இட்லி, வடை, வாழைப்பழம் போல உருவம் தெளிவானவற்றைக் கேமரா நன்றாகவே கண்டுபிடிக்கும். நெய் ரோஸ்ட்டையும் சாதா ரோஸ்ட்டையும் பிரிப்பது படத்தில் தெரியாத ஒரு கரண்டி நெய். வெண்பொங்கலில் நெய் உள்ளே கலந்துவிடுகிறது. இலைச் சாப்பாட்டில் சாதத்தின் மேல் சாம்பார் விழுந்ததும் அடியில் எவ்வளவு சாதம் என்பது மறைந்துவிடுகிறது. இரண்டாம் முறை போட்ட சாதம் படத்திலேயே வராது. கேமராவை உணவின் பெயரைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள், அளவைக் கையால் திருத்துங்கள். எண்ணெய்க்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்: கல்லில் வெந்த எந்த ஓட்டல் பலகாரத்துக்கும் ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டி, 80 கலோரி. கறி தோசைக்கு நான்கு. பதிவே எண்ணெயையும் சேர்த்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதை விட்டுவிடலாம்.

குடிப்பது

இந்த வழியில் அதிகம் கணக்கிலிருந்து தப்புவது டம்ளர்கள்தான். ஒரு ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால் 150 மில்லி, நன்னாரி சர்பத் 20 முதல் 30 மில்லி, கொஞ்சம் பாசுந்தி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று வைத்தால் 350 முதல் 450 வரை வரும். அடியில் வழுக்கிக்கொண்டு இருக்கும் பாதாம் பிசினால் ஏறக்குறைய ஒன்றும் கூடாது. கனம் பாலிலும் சர்க்கரையிலும்தான். சின்ன டம்ளர் என்று கேட்டு வாங்கினால் கணக்கு பாதியாகிவிடும். இந்தப் பயணத்தில் இதைவிடச் சுலபமான மிச்சம் வேறில்லை. மதுரைக்குப் போய் ஜிகர்தண்டா வேண்டாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

காபி விஷயம் வேறு. நூறு மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர், மூன்று சதவீதக் கொழுப்புப் பாலில் 90-95 கலோரி. ஆறு சதவீதக் கொழுப்புப் பாலில் 120-ஐத் தாண்டும். வீட்டில் இரண்டு வேளை குடிப்பவர் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடித்து ஐந்தாக்கிவிடுகிறார். கூடிய மூன்று டம்ளருக்கு 300 கலோரி, யாரும் பதிவதில்லை. செயலியில் காபியை ஒரு முறை சரியாகச் செய்து பிடித்த உணவாகச் சேமித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே தொடுதலில் பதிவாகிவிடும். இளநீர் 250-300 மில்லிக்கு 50-60 கலோரிதான். தாகத்துக்குப் பாட்டில் குளிர்பானத்துக்குப் பதில் அதையே வாங்குங்கள். மது அருந்துபவர்களுக்கு: 42.8 சதவீத விஸ்கி 60 மில்லியில் 140 கலோரி, கூட ஊற்றும் சோடா இனிப்பில்லாததாக இருந்தால்.

பழனிப் படியும் கைக்கடிகாரமும்

செயலியோடு ஸ்மார்ட் வாட்ச்சை இணைத்திருப்பவர்கள் பயணத்தில் தவறாமல் விழும் பள்ளம், ‘இன்று இவ்வளவு எரித்தீர்கள்’ என்று அது கூட்டித் தரும் கலோரி. பழனி மலைப்படிகள் 693. ஏறும் உயரம் சுமார் 140 மீட்டர். அறுபது கிலோ எடையுள்ளவர் அதை ஏற உடலுக்கு ஆகும் செலவை இயற்பியல் கணக்குப்படி போட்டால் 80 முதல் 100 கலோரி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், சட்டை நனையும், ஆனால் அடிவாரத்துக் கடையின் ஒரு மெதுவடை அதைவிடக் கனம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு கைக்கடிகாரங்களைச் சோதித்தபோது இதயத் துடிப்பை அவை நன்றாகவே அளந்தன. கலோரிச் செலவில், மிகச் சரியானதாக நின்ற கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஆகவே பயணம் முடியும்வரை செயலியின் அமைப்புக்குள் போய் உடற்பயிற்சிக் கலோரியை உணவு வரம்பில் சேர்க்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். படிகளை எண்ணிக்கொள்ளுங்கள், அதற்கு ஈடாகச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம்.

பஞ்சாமிர்தத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். விருப்பாச்சி வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு என்று எல்லாமே சர்க்கரையும் நெய்யும்தான். ஒரு மேசைக்கரண்டிக்கு 50-60 கலோரி. அது பிரச்சினையே இல்லை. பஸ்ஸில் டப்பாவைத் திறந்து விரலால் எடுத்துக்கொண்டே வருவதுதான் பிரச்சினை. வீட்டுக்குப் போய்ப் பிரிக்கிற மாதிரிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்தக் கணக்கே எழாது.

கொடைக்கானல்: குளிரில் கூடும் கொறிப்பு

மலையில் மூன்று வேளைச் சாப்பாட்டை நல்லபடி கவனிப்பவர்கூட நடுவில் தடுக்கி விழுவார். ஏரியைச் சுற்றி வந்தால் மிளகாய் பஜ்ஜி ஒன்று 120 முதல் 150. பிரெட் ஆம்லெட் இரண்டு துண்டும் இரண்டு முட்டையும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து 360 அளவில். சுட்ட சோளம் ஒரு கதிர் நூறை ஒட்டி. வெண்ணெய் தடவச் சொன்னால் அதுவும் சேரும். கடைகளில் எடை போட்டு விற்கும் சாக்லேட் நூறு கிராமுக்கு 500-550. ஒரு துண்டு 10-12 கிராம் என்பதால் இரண்டு துண்டு சாப்பிட்டு நிறுத்தினால் 100 முதல் 130 அளவில் முடியும். அந்தச் சாக்லேட்டுக்குச் சத்து விவர அட்டை பெரும்பாலும் இருக்காது, ஸ்கேன் செய்யவும் ஒன்றும் இல்லை. ‘மில்க் சாக்லேட்’ என்ற பொதுப் பதிவில் கிராமைப் போடுங்கள். அதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

உணவின் பெயரைத் தேட எந்தச் செயலிக்கும் இணையம் வேண்டும். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். தேட முயன்று சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வாட்ஸாப்பில் உங்களுக்கே ஒரு செய்தியாக ‘பஜ்ஜி 3, டீ 2’ என்று போட்டுவிட்டு இரவு அறையில் ஏற்றினால் போதும்.

உணவகத்தில் பட்டியலிலேயே கலோரி போட்டிருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள்தான் கலோரியைக் காட்ட வேண்டும். நெடுஞ்சாலை பீட்சா கடையிலும் சங்கிலிக் காபிக்கடையிலும் அதைப் பார்க்கலாம், பயன்படுத்திக்கொள்ளலாம். மாட்டுத்தாவணிப் பக்கத்து பரோட்டாக் கடைக்கு அது பொருந்தாது.

கிளம்பும் முன் ஒரு வாரம்

வீட்டில் ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் இந்த வாரம் அதற்கு வேலை. பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். இலைமுன் தராசு வைப்பவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். வீட்டில் இரண்டு மூன்று விஷயத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் போதும். வெந்த சாதம் ஒரு மூடிய கைப்பிடி அளவு எவ்வளவு எடை என்று பாருங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 150 கிராம் அளவில் இருக்கும், அதாவது 200 கலோரி. நெய் ஒரு தேக்கரண்டியைத் தட்டில் ஊற்றி அது எவ்வளவு பரவுகிறது என்று பாருங்கள். ஓட்டல் அளவு கரண்டியால் இட்லி ஊற்றி எடை பாருங்கள். இதைச் செய்துவிட்டுப் போனவர் இலைச் சாப்பாட்டில் இரண்டு கைப்பிடிச் சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், ஒரு அப்பளம், ஒரு சின்னக் கிண்ணம் பாயசம் என்று பார்த்ததும் 900 பக்கம் என்று சொல்லிவிடுவார். அந்த ஊகம் செயலியில் பத்து வரி ஏற்றிக் கிடைக்கும் எண்ணைவிட மோசமாக இருக்காது.

அதே வாரத்தில் செயலியின் இலக்கை ‘எடை குறைப்பு’ என்பதிலிருந்து ‘எடை நிலைநிறுத்தல்’ என்று மாற்றுங்கள். வாரம் அரைக் கிலோ குறைக்கும் இலக்கு வைத்திருந்தால் நாளுக்குச் சுமார் 500 கலோரியை அது கழித்து வைத்திருக்கும். அந்தக் கழிவோடு ஊருக்குப் போனால் இரண்டாம் நாள் மதியமே சிவப்பு எழுத்து வரும். பார்த்தவர்கள் ‘கெட்டது கெட்டுவிட்டது’ என்று மொத்தத்தையும் விட்டுவிடுவார்கள். மாற்றிவிட்டால் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபிக்கான இடம் கணக்கிலேயே திறந்துவிடுகிறது.

ஓட்டல் தங்கலோடு காலை பஃபே இருந்தால் பதிவைவிட ஒழுங்கு உதவும். முதலில் வெறும் தட்டோடு ஒரு சுற்று முழுவதையும் பார்த்துவிட்டு, பிடித்த மூன்றை மட்டும் எடுத்து உட்காருங்கள். ஜூஸ் வேண்டாம், பழமாகவே எடுங்கள்.

திரும்பிய பிறகு

திரும்பிய மறுநாள் தராசில் ஏறாதீர்கள். ஓட்டல் உப்பும் கூடுதல் மாவுச்சத்தும் உடலில் நீரைப் பிடித்து வைக்கும். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் தங்குகிறது. ஒன்றரை, இரண்டு கிலோ கூடியதாகக் காட்டுவது சாதாரணம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நான்கு நாளும் தினம் 600 கலோரி கூடுதல் என்றாலும் மொத்தம் 2,400. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பொது அளவில் அது 300 கிராம். ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் எடைதான் உண்மையானது.

அந்த 300 கிராமை அலட்சியம் செய்யவும் கூடாது. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று முதல் மூன்று வாரம் விடுமுறை போன 122 பேரைத் தொடர்ந்தார்கள். சராசரி ஏற்றம் சுமார் 0.3 கிலோதான், ஆனால் ஆறு வாரம் கழித்தும் அது இறங்கவில்லை. கெடுதல் பயணத்தில் அதிகம் நடப்பதில்லை. திரும்பி வந்து பழைய கணக்கைத் தொடங்காமல் விடுவதில்தான் நடக்கிறது. எனவே வீட்டுக்கு வந்த முதல் வேளையிலிருந்தே ஏழு நாள் முழுப் பதிவு, இலக்கைப் பழைய நிலைக்கு மாற்றுவது உட்பட. பட்டினி வேண்டாம், வழக்கமான இலக்கே போதும்.

யாருக்கு இந்த அறிவுரை பொருந்தாது

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயணத்தில் எண்ணுவதை நிறுத்தக் கூடாது. அவர்கள் எண்ண வேண்டியது கலோரியை அல்ல, மாவுச்சத்தின் கிராமை. இட்லி, பரோட்டா, பஞ்சாமிர்தம் என்று ஒவ்வொன்றிலும் அதுதான் மருந்தளவோடு தொடர்புள்ளது. குரோனோமீட்டரும் மைஃபிட்னஸ்பாலும் மாவுச்சத்தைத் தனியாகக் காட்டும். நடை திடீரென்று கூடும் பழனி போன்ற நாளில் சர்க்கரை இறங்கவும் வாய்ப்புண்டு என்பதால், அளவு மாற்றத்தை மருத்துவரிடம் கிளம்பும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் வெளியூரில் தங்குபவர்களும், வேலைக்காக மாதம் பாதி பயணத்தில் இருப்பவர்களும் விடுமுறைக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு அதுவே அன்றாடம், முழுப் பதிவு தேவை.

மறுபக்கம், எண்ணைப் பார்த்தாலே பதற்றம் வருபவர்கள், ஒரு வேளை கூடியதற்கு அடுத்த வேளையைப் பட்டினி போடுபவர்கள், சாப்பாட்டுக் கோளாறிலிருந்து மீண்டு வருபவர்கள் செயலியைப் பயணத்துக்கு முன்பே நீக்கிவிடுவது நல்லது. கர்ப்பிணிகளையும் வளரும் பிள்ளைகளையும் இந்தக் கணக்குக்குள் இழுக்கவே கூடாது.

சந்தா விஷயத்தில்: விடுமுறைக்காக மட்டும் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஹெல்திஃபைமியின் இலவச வடிவம். பாக்கெட் உணவும் சங்கிலிக் கடைகளும் நிறைந்த வெளிநாட்டுப் பயணம் என்றால் மைஃபிட்னஸ்பால். சமைக்கும் வசதியுள்ள வீட்டில் தங்கிச் சொந்தமாகப் பொங்கித் தின்பவர்களுக்குக் குரோனோமீட்டர். வசதிகள் இலவசத்திலிருந்து கட்டணத்துக்கு மாறுவது இந்தத் துறையில் வழக்கம் என்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுவி, உங்கள் காபியையும் இட்லியையும் அதில் சேமித்துச் சோதித்துவிடுங்கள்.